வயிறு மென்மையாக உள்ளது

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் ஓர் இளம் டாக்டரைக் கேலி செய்ததுதான்.

திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். மனைவி முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர்கள் எழுதியதில் குறை கண்டுபிடித்தே காலம் தள்ளியதால் புரூஃப்காரர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. மனைவி முதல் வகுப்பு டீச்சர். முப்பது குழந்தைகளின் முப்பது விதமான பொய்களையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

டாக்டர் அப்போதுதான் வந்து போயிருந்தார். நல்ல உயரம், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு, காலரில் பட்டன் அளவுக்கு ஒரு கருப்புக் கருவி. டாக்டர் பேசுவதை அது கேட்டு, தானே குறிப்பு எழுதிக்கொள்ளும் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கால்மாட்டிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்து, அட்சரம் பிசகாமல் சொன்னார்:

“வணக்கம். நான் உங்கள் மருத்துவர். நான் கைகளைக் கழுவுகிறேன். உங்கள் அனுமதியுடன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். வயிறு மென்மையாக உள்ளது. அழுத்துகிறேன். அழுத்தினால் வலி இல்லை. நன்றி.”

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

“என்னங்க, இப்போ அவர் என்னைத் தொட்டாரா?” என்றாள் மனைவி.

“தொடலையே.”

“கையைக் கழுவினாரா?”

“குழாய் அந்தக் கோடியில இருக்கு. அங்கேருந்து எட்டுமா?”

“என் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான். ‘வீட்டுப்பாடம் எழுதிட்டேன் டீச்சர்’னு கணீர்னு சொல்வான். நோட்டைத் திறந்தா பால் மாதிரி வெள்ளையா இருக்கும். அவன் வளர்ந்து வந்துட்டான்போல.” அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முயன்றாள், முடியவில்லை. மோவாயை மட்டும் தூக்கிக்கொண்டு அதே குரலில் சொன்னாள்: “வணக்கம். நான் உங்கள் மனைவி. நான் சமைத்துவிட்டேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள். பசி இல்லை. நன்றி.”

அவர் சிரித்த சிரிப்பில் ஆரஞ்சுச் சுளை தரையில் விழுந்தது. அவளும் சிரிக்கப் பார்த்து, பாதியில் முகம் சுருங்கி, “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. உயிர் போகுது” என்றாள்.

அவர் எழுந்து போய் நர்ஸிடம் சொன்னார். “டாக்டர் தொட்டே பார்க்கலையேம்மா. அவளுக்கு ரொம்ப வலிக்குது.”

நர்ஸ் கையிலிருந்த பலகைத் திரையைத் தடவிப் பார்த்தார். “தொட்டிருக்கார் சார். இதோ, பதினொண்ணு ரெண்டுக்குத் தொட்டிருக்கார். வலி இல்லைன்னு வந்திருக்கு. ஸ்கேனுக்கு வியாழக்கிழமை போட்டிருக்கு, போங்க.”

வியாழக்கிழமை வரை அவள் இருக்கவில்லை. புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டாள். முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்த வயதான சர்ஜன், “குடல்வால் வெடிச்சு சீழ் முழுக்கப் பரவியிருந்துது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. திங்கட்கிழமையே யாராவது ஒரு கை வெச்சிருந்தா...” என்று தொடங்கியவர், தன் காலரிலிருந்த பட்டன் கருவியைப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லல” என்று அதற்குச் சொல்லிவிட்டு, திரும்பி நடந்தார்.

மூன்று வாரம் கழித்து ஃபைலின் நகல் கிடைத்தது. மனைவியின் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். உலகத்தில் எந்தத் துயரத்துக்கும் இரண்டு காப்பி எடுத்து வைப்பது நல்லது என்பது அவன் கொள்கை. கடையின் பின்பக்கம், மெஷின் சூட்டில், புரூஃப்காரர் பென்சிலோடு உட்கார்ந்து ஃபைலை வரி வரியாகப் படித்தார். பழக்கதோஷம்.

திங்கள் பதினொன்று இரண்டு: வயிறு மென்மையாக உள்ளது. அழுத்தினால் வலி இல்லை. திங்கள் மாலை: அதே வரி. செவ்வாய் நான்கு முறை: அதே வரி. புதன் காலை இரண்டு முறை: அதே வரி. பின்னால் வந்த டாக்டர்கள் எல்லாரும் “முந்தைய நிலையே” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். கருவி முந்தைய நிலையை எடுத்து ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. மொத்தம் ஒன்பது இடம். ஒன்பதாவது, புதன்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு.

“மாமா, அக்கா போனது ஒரு மணிக்கில்ல?” என்றான் மச்சினன்.

“ஆமா.”

“அதுக்கப்புறமும் வலி இல்லைன்னு இருக்கே.”

“அந்த ஒண்ணு சரிதானேப்பா,” என்றார் புரூஃப்காரர். “அதை விட்டுடலாம். மத்த எட்டையும் எடுக்கணும்.”

“எடுக்கறதாவது! கேஸ் போடலாம் மாமா. இழுத்து நடுத்தெருவுல விடலாம்.”

“கேஸெல்லாம் வேண்டாம் தம்பி. அவ என்கிட்ட கடைசியாச் சொன்னது வலிக்குதுன்னு. வலிக்கலைன்னு இதுல இருக்கு. அவளைப் பொய்க்காரி ஆக்கி வெச்சிருக்காங்க. அந்த வரியை எடுத்துட்டாப் போதும், நான் என் பாட்டுக்குப் போயிடுவேன்.”

மச்சினன் மெஷினை மறுபடி ஓடவிட்டான். ஃபைலை இன்னும் இரண்டு காப்பி எடுத்தான்.

ஆவணக் காப்பகம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. கவுன்ட்டர் கிளார்க் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், உட்கார நாற்காலிதான் இல்லை.

“ஒரு வரியை எடுக்கணும்னு சொல்றீங்க. எழுதினவர் வந்து எடுத்தா முடிஞ்சுது.”

“யார் எழுதினதுன்னு பாருங்க.”

கிளார்க் திரையில் தேடினார். “யாரும் எழுதல சார். டாக்டர் பேசியிருக்கார். கருவி கேட்டிருக்கு. அதுவா எழுதிக்கிட்டிருக்கு.”

“அப்போ கருவிகிட்ட மனு கொடுக்கணுமா?”

“சேச்சே. மனு வாங்கற அதிகாரம் அதுக்கு இல்ல. இன்னொரு வழி, நோயாளியே நேர்ல வந்து கையெழுத்துப் போடலாம். அடையாள அட்டை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

“நோயாளி இறந்துட்டாங்க.”

“அடடா.” உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்போ முடிஞ்ச ஃபைல். முடிஞ்ச ஃபைல்ல கை வைக்க முடியாது சார்.”

“அவ உயிரோட இருந்திருந்தா வெச்சிருக்கலாமா?”

“உயிரோட இருக்கறவங்க ஃபைல்ல எப்படிக் கை வைக்கறது? வைத்தியம் நடந்துக்கிட்டிருக்குமே!”

புரூஃப்காரர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, கிளார்க் மேஜையின் அடியிலிருந்து ரோஸ் நிறப் படிவம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். “மூணாவதா ஒரு வழி இருக்கு. நிறுவனத்தைச் சேர்ந்த ஒருத்தர் ‘இந்தப் பதிவு தவறு’ன்னு இதுல கையெழுத்துப் போட்டா எடுத்துடலாம். இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல. ஆனா, வசதி இருக்கு.”

புரூஃப்காரர் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் மேல்நகல் எங்கெங்கோ சுற்றி, ‘தொடர்புத் திறன் சார்ந்த அதிருப்தி’ என்ற தலைப்பில், மருத்துவத் திறன் பயிற்சி மையத்தின் இயக்குநரம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் புரூஃப்காரரை நேரில் அழைத்தார்.

கண்ணாடியும் கேடயங்களுமாக ஒரு பெரிய அறை. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆளுயர ரப்பர் பொம்மை ஒன்று, மேல்சட்டை இல்லாமல், வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி. பெட்டியின் மேல் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது.

இயக்குநரம்மா எழுந்து வந்து, அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கனிந்த குரலில், “உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. உங்கள் தோளில் கை வைக்கிறேன்” என்றார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார். புரூஃப்காரர் அனிச்சையாகத் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அந்த டாக்டரைப் பத்தித் தப்பா நினைக்காதீங்க சார். எங்க மையத்தோட தங்கப் பதக்கம் அவர்தான். வயிற்றுப் பரிசோதனையில நூத்துக்கு நூறு.”

“அவர் தொடலைம்மா.”

“அதான் சார் எங்க முறை!” இயக்குநரம்மாவின் முகம் மலர்ந்தது. “பாருங்க, இந்தப் பொம்மை ஆயிரம் அழுத்தம் தாங்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க. எங்ககிட்ட வருஷத்துக்கு இருநூத்து நாப்பது பசங்க. ஒரு பருவத்துலயே வயிறு கிழிஞ்சுடுச்சு. தணிக்கையில கேட்டுட்டாங்க, யார் கிழிச்சதுன்னு. அப்போதான் சுற்றறிக்கை விட்டோம். பொம்மையின் மேல் கை வைக்க வேண்டாம், வைப்பதாக வாயால் சொன்னால் போதும், முழு மதிப்பெண். அன்னியிலேருந்து பொம்மைக்கு ஒரு கீறல் கிடையாது. எட்டு வருஷமா தேர்ச்சி நூறு சதவீதம்.”

“பொம்மைக்குச் சரி. ஆனா...”

“காலம் மாறிக்கிட்டிருக்கு சார். கைங்கறது அந்தக் காலத்துக் கருவி. ஒருத்தர் கை சுடும், ஒருத்தர் கை சில்லுனு இருக்கும், ஒருத்தருக்கு நடுங்கும். அதை எப்படி அளக்கறது? சொல்லை அளக்கலாம். எத்தனை சொன்னான், எத்தனை விட்டான், அரை மார்க், ஒரு மார்க். நாளைக்கு எங்க பசங்க நோயாளியைப் பார்க்கற வேலைக்குத்தான் போவாங்கன்னு என்ன நிச்சயம்? நிர்வாகம் இருக்கு, ஆலோசனை இருக்கு, கருவிக் கம்பெனி இருக்கு. எல்லா வேலைக்கும் பொதுவா ஒண்ணுதான் சார் வேணும். தெளிவா சொல்லத் தெரியணும்.”

புரூஃப்காரர் ரோஸ் படிவத்தை மேஜையில் வைத்தார். “எனக்கு இதுல ஒரு கையெழுத்து வேணும்மா. அவ்வளவுதான்.”

இயக்குநரம்மா அதை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். “நான் போட்டா என் சுற்றறிக்கையை நானே மறுத்த மாதிரி ஆகும். ஆனா ஒண்ணு செய்யலாம். எங்ககிட்ட ‘நோயாளிப் பங்காளி’ன்னு புதுசா ஒரு பதவி இருக்கு. தேர்வுல படுத்து, நோயாளியா நடிக்கணும். ஒரு தேர்வை முழுசா முடிச்சு, தேர்வு அறிக்கையிலயும் கையெழுத்துப் போட்டுட்டா நீங்க நிறுவனத்தைச் சேர்ந்தவர். அப்புறம் இந்தப் படிவத்துல நீங்களே போட்டுக்கலாம்.”

இதைக் கேட்டு மச்சினன் கடையில் தலையில் அடித்துக்கொண்டான். “பங்காளின்னாலே வம்புதான் மாமா. சொந்தப் பங்காளியே நமக்கு ஒத்துவரல. இது எங்கே!”

“ஒரு நாள்தானேப்பா.”

“அக்காவைப் படுக்க வெச்ச இடத்துல நீங்க போய்ப் படுக்கறீங்களா?”

“அது வேற கட்டிடம்,” என்றார் புரூஃப்காரர்.

தேர்வன்று காலை, வரிசையாகத் திரை கட்டிய பத்துக் கூடங்கள். ஒவ்வொன்றும் ஒரு ‘நிலையம்’. மணி அடித்தால் மாணவர் உள்ளே வரவேண்டும், ஏழு நிமிடம் கழித்து மணி அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டாவது வெளியேற வேண்டும். இயக்குநரம்மா அன்றைய பிரிவின் நாற்பத்தொரு மாணவர்களுக்கும் வாழ்த்துரை வழங்கினார். “உங்கள் தோள்களைத் தட்டிக்கொடுக்கிறேன்” என்று முடித்தார்.

புரூஃப்காரருக்கு நான்காம் நிலையம். கையில் கொடுத்த தாளைப் படித்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், ஆசிரியப் பணி, இரண்டு நாளாக வயிற்றில் வலி, முழங்காலை மடக்கினால் சற்று ஆறுதல். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தெரிஞ்சுடுச்சா?” என்றார் இயக்குநரம்மா நெகிழ்ச்சியோடு. “உங்க மனைவி கேஸ் வீண் போகல சார். ஸ்டேஷன் நாலு ஆக்கிட்டோம்.”

தாளின் அடியில் விடை இருந்தது. ‘வலது கீழ் வயிற்றில் அழுத்தினால் கடும் வலி உண்டு. குடல்வால் அழற்சி.’ புரூஃப்காரர் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிழை எதுவும் இல்லை.

“இதை அப்படியே அவ ஃபைல்ல எழுதிடலாமேம்மா.”

“இது விடைத்தாள் சார். அது ஆவணம். ரெண்டையும் குழப்பக் கூடாது.”

நான்காம் நிலையத்துக்குத் தேர்வாளராக வந்து உட்கார்ந்தவர் அந்தத் தங்கப் பதக்க டாக்டர். புரூஃப்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் ஜன்னலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. முதல் மாணவன் வந்து, இரண்டடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கழுவுவதாகச் சொன்னான். தொடுவதாகச் சொன்னான். “அழுத்துகிறேன்” என்றான். புரூஃப்காரர் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவன் திகைத்துத் தேர்வாளரைப் பார்த்தான். தேர்வாளர் புரூஃப்காரரைப் பார்த்தார். “சார், அவர் அழுத்தறார்.”

“எங்கே?”

“சொன்னாரே! சொல்லும்போது உங்களுக்கு வலிக்கணும். ‘ஆ’ன்னு சொல்லுங்க.”

இரண்டாவது ஆளுக்கு ‘ஆ’ என்றார். முனகல் பத்தாது என்றார் தேர்வாளர். மூன்றாவது ஆளுக்குச் சற்று முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண் இன்னும் அழுத்துகிறேன் என்று சொல்லவில்லை, அதற்குள் வலித்ததால் அவளுக்கு அரை மார்க் போயிற்று. பதினைந்தாவது ஆளுக்குள் புரூஃப்காரருக்கு அது கைவந்துவிட்டது. ஒரு மாணவன் பதற்றத்தில் “வலது” என்பதற்குப் பதில் “இடது” என்று சொன்னான். எங்கே வலிப்பது என்று தெரியாமல் புரூஃப்காரர் நடுவாக ஒரு ‘ஆ’ போட்டார்.

தேநீர் இடைவேளையில் தேர்வாளர் தன் டம்ளரோடு கட்டில் பக்கம் வந்தார். “நல்லா பண்றீங்க சார். புதுசா?”

“என் மனைவி உங்க பேஷன்ட். பெண்கள் வார்டு, ஜன்னலோரம்.”

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்தது. கெட்டவர் இல்லை. “ஃபைலைப் படிச்சேன் சார். நான் தொட்டேனே. சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு.”

டாக்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. “முதல் வருஷம் பொம்மையை நான்தான் சார் கடைசியா அழுத்தினேன். டர்ர்னு கிழிஞ்சுது. விளக்கம் கேட்டு மெமோ, அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அதுக்கப்புறம் கை எழவே இல்ல. வார்டுக்கு வந்த பிறகும்.”

“இப்போ?”

“அடுத்த மாசம் அந்தப் பட்டன் கம்பெனிக்குப் போறேன். எப்படிப் பேசினா கருவி சரியா எழுதும்னு டாக்டர்களுக்குச் சொல்லித் தரணும்.”

“அங்கே நோயாளிங்க இருப்பாங்களா?”

“இல்ல சார். முனகல் சத்தத்துல கருவி குழம்பும்.”

புரூஃப்காரர் ரோஸ் படிவத்தை நீட்டினார். டாக்டர் அதைப் படித்தார், பேனாவையும் எடுத்தார். பிறகு, “தொடலைன்னு இப்போ நான் எழுதினா, அன்னிக்கு நான் சொன்னது பொய்னு ஆகும். என் பதக்கமே சொன்னதுக்குத்தான் சார் கொடுத்தாங்க” என்று சொல்லிப் பேனாவை மூடிக்கொண்டார். மணி அடித்தது.

நாற்பது பேர் முடிந்தார்கள். நாற்பத்தொன்றாவதாக ஒரு பெண் வந்தாள். குட்டையாக, கலைந்த பின்னலோடு. வணக்கம் சொல்லவில்லை. மூலையிலிருந்த குழாயைத் திறந்தாள். அது வேலை செய்யாது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கைப்பையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள், உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தாள், கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். “சட்டையைத் தூக்கறேன் சார்” என்று தூக்கியே விட்டாள்.

அவ்வளவு தேய்த்தும் கை சில்லென்று இருந்தது. இடப்பக்கத்திலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள். வயிற்றைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். வலது கீழ்ப்பக்கம் வந்ததும் கை நின்றது.

“வலிக்குதா சார்?”

விடை அவருக்கு மனப்பாடம். காலையிலிருந்து முப்பத்தொன்பது முறை சொன்னது. ஆனால் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனிதக் கை அவர்மேல் பட்டிருந்தது, அந்தக் கை ஒரு கேள்வி கேட்டது. “இல்லம்மா, வலிக்கல” என்று சொல்லிவிட்டார்.

“இங்கே ஒரு தழும்பு இருக்கே. குடல்வால் எடுத்துட்டாங்களா உங்களுக்கு?”

“ஆமா. பதினோரு வயசுல.” அவரே மறந்திருந்தார். அன்றைக்கு ஒரு டாக்டர் அழுத்திய அழுத்தில் அவர் அலறி, அந்த மனிதரின் மூக்குக்கண்ணாடி பறக்க உதைத்திருந்தார். கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டே அந்த டாக்டர், ஆபரேஷனுக்குத் தயார் பண்ணச் சொன்னார்.

பெண் எழுந்து தேர்வாளரிடம் திரும்பினாள். “வலி இல்ல சார். இது குடல்வாலா இருக்க வழியில்ல. இவருக்குக் குடல்வாலே இல்ல.”

தேர்வாளர் தாளைப் பார்த்தார். பிறகு, அன்று முதன்முறையாக, புரூஃப்காரரின் வயிற்றைப் பார்த்தார். தழும்பு நல்ல பெரியது. சட்டையைத் தூக்கியிருந்தால் மற்ற நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய விரல் திரைமேல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கடைசியில் தட்டியது. கை கழுவுவதாகச் சொல்லவில்லை, பூஜ்யம். தொடுவதாகச் சொல்லவில்லை, பூஜ்யம். கண்டறிந்த நோய் விடைத்தாளோடு பொருந்தவில்லை, பூஜ்யம். மணி அடித்தது.

“சார், அவங்க மட்டும்தான் தொட்டாங்க,” என்றார் புரூஃப்காரர் எழுந்து உட்கார்ந்து.

“தெரியும் சார். அதுக்கு இதுல கட்டம் இல்ல.”

மாலையில் இயக்குநரம்மா தேர்வு அறிக்கையைக் கொண்டுவந்தார். பக்கத்திலேயே ரோஸ் படிவம், தயாராக. “முதல்ல இதுல ஒண்ணு, அப்புறம் அதுல ஒண்ணு. முடிஞ்சுது சார்.”

அறிக்கையில் ஒரே வாக்கியம்தான். ‘தேர்வர்கள் அனைவரும் நோயாளிப் பங்காளியின் வயிற்றை முறைப்படி தொட்டுப் பரிசோதித்தனர்.’

புரூஃப்காரர் ரோஸ் படிவத்தைப் பார்த்தார். ஒரு கையெழுத்து, அவளுடைய எட்டு வரிகளும் போய்விடும். அதற்கு விலையாக இன்னொரு வரி, அவ்வளவுதான். யாரும் படிக்கப்போவதில்லை. சரி என்றே முடிவு செய்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடுமுன் வழக்கம்போல வாக்கியத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அங்கேதான் கெட்டது காரியம். எடுத்தது சிவப்புப் பேனா. ‘அனைவரும்’ என்பதை அடித்து, ‘ஒருவர் மட்டும்’ என்று ஓரத்தில் எழுதி, வினையையும் ஒருமைக்கு மாற்றிவிட்டுத்தான் அவர் கை நின்றது.

“என்ன சார் இது? இது புரூஃப் இல்ல, இறுதிப் பிரதி!”

“தெரியும்மா. வேற காப்பி கொடுங்க, போடறேன்.”

வேறு காப்பி வந்தது. பேனாவை மாற்றி நீலம் வைத்துக்கொண்டார். எவ்வளவோ முயன்றார். ‘அனைவரும்’ என்ற இடத்துக்கு வந்ததும் அந்தச் சில்லென்ற கை வயிற்றில் பட்டது. அதையும் திருத்தினார். மூன்றாவது காப்பியையும் திருத்தினார். நான்காவதை இயக்குநரம்மா கொடுக்கவில்லை. ரோஸ் படிவத்தை மடித்து, “உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது” என்றார். இந்தத் தடவை தோளில் கை வைப்பதாகக்கூடச் சொல்லவில்லை.

படிக்கட்டில் அந்தக் குட்டைப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முறைத்தாள்.

“ஒரே ஒரு ‘ஆ’ சொல்லியிருக்கலாம்ல சார்?”

“சொல்லியிருக்கலாம்மா. ஆனா வலிக்கலையே.”

“இதைப் போய் எங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்வேன்? தொட்டதால ஃபெயில்னா நம்புவாங்களா? ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதணும்.”

“எழுதும்போது என்ன பண்ணுவே?”

“சொல்லிக்கிட்டே தொடுவேன்,” என்றாள் எரிச்சலோடு. பிறகு, “கை ரொம்பச் சில்லுனு இருந்துதா?” என்று கேட்டாள்.

“ரொம்ப.”

“ஸாரி சார்.”

மையம் இந்தச் சம்பவத்திலிருந்து பாடம் கற்காமல் இல்லை. அடுத்த மாதமே புதிய சுற்றறிக்கை வந்தது. ‘நோயாளிப் பங்காளி ஒருவரின் மேலான ஆலோசனையின் பேரில், இனி தேர்வர்கள் “தொடுகிறேன்” என்பதற்குப் பதிலாக “உண்மையாகவே தொடுகிறேன்” என்று சொல்ல வேண்டும். கூடுதலாக அரை மதிப்பெண் வழங்கப்படும்.’ அதன்படி வார்டுகளிலும் டாக்டர்கள் உண்மையாகவே தொடுவதாகக் கருவியில் பதிவாகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு அந்த ஆண்டின் தரச் சான்று கிடைத்தது.

மச்சினன்தான் பிடிவாதமாக வருடாவருடம் ஃபைலுக்கு மனுப் போட்டான். போன மாதமும் ஒரு புது நகல் வந்திருக்கிறது. நல்ல தடித்த காகிதம். முகப்பில் ஆஸ்பத்திரியின் சின்னம் மாறியிருக்கிறது, வார்டு எண் மாறியிருக்கிறது, தரச் சான்றின் முத்திரை வண்ணத்தில் இருக்கிறது. புரூஃப்காரர் பென்சிலோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார்.

திங்கள், பதினொன்று இரண்டு. வயிறு மென்மையாக உள்ளது. அழுத்தினால் வலி இல்லை.